ரங்கூன், 1919 முதல் 1941 வரை: துறைமுகத்தில் நம்மவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்?

#1 · பசுண்டாங் வாசி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கோயில் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் தமிழ் வகுப்பில் பெரிய பிள்ளைகளுக்கு ஊர் வரலாறும் சொல்லிக்கொடுக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். முதல் உலகப்போர் முடிந்ததிலிருந்து ஜப்பான் குண்டு விழுந்தது வரைக்குமான ரங்கூன் என் பங்கு.

படிக்கப் படிக்க ஒன்று உறுத்துகிறது. நம் வீடுகளில் அந்தக் காலத்தைப் பற்றி ஒரே கதைதான். ரங்கூனில் காசு கொட்டிக் கிடந்தது, போனவன் எல்லாம் பிழைத்துக்கொண்டான், பர்மாக்காரன் பொறாமைப்பட்டு விரட்டிவிட்டான். எண்கள் வேறு கதை சொல்கின்றன. 1931 மக்கள்தொகைக் கணக்குப்படி ரங்கூனில் இருந்தவர்கள் சுமார் 4 லட்சம் பேர். அதில் இந்தியர் 2,12,000-க்கும் மேல். பாதிக்கும் அதிகம். பர்மியர் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, அவர்கள் நாட்டின் தலைநகரிலேயே. இந்த 2 லட்சம் பேரும் வட்டிக்கடையும் ஜவுளிக்கடையும் வைத்திருக்க முடியுமா? பெரும்பாலோர் உடம்பை நம்பிப் பிழைத்தவர்கள். மூட்டை தூக்கினார்கள், லாஞ்சா (கை ரிக்‌ஷா) இழுத்தார்கள், அரிசி ஆலையில் வேலை பார்த்தார்கள், தெரு கூட்டினார்கள்.

அவர்கள் எங்கே படுத்தார்கள், என்ன கூலி வாங்கினார்கள், கையில் என்ன மிஞ்சியது? தெரிந்தவர்கள் எழுதுங்கள். வீட்டில் கேட்ட கதையாக இருந்தால் கேட்டது என்று சொல்லிவிடுங்கள், போதும்.

#2 · பேரேடு

நல்ல கேள்வி ஐயா. எங்களுடையது மொகல் தெருவில் கடை வைத்திருந்த குடும்பம். இன்றைக்கு அது ஷ்வே பொந்தா தெரு. அந்தப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

1929-30-இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது நாடு முழுக்கச் செட்டியார் கடைகள் ஏறக்குறைய 1,650 இருந்தன. அவர்கள் போட்டிருந்த பணம் சுமார் 75 கோடி ரூபாய் என்று அந்தக் குழு மதிப்பிட்டது. ஒவ்வொரு தமிழ் மாதமும் 16-ஆம் தேதி இரவு ரங்கூன் செட்டியார் கோயிலில் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்வார்கள். ஐராவதி டெல்டாவின் கடைக்கோடியில் இருக்கும் கடையிலும் கணக்கு அந்த வட்டியில்தான் ஓடும்.

ஆனால் கடையில் இருந்தவர்கள் எல்லோரும் முதலாளிகள் என்று நினைத்துவிடக் கூடாது. முதலாளி பெரும்பாலும் காரைக்குடிப் பக்கம் இருப்பார். இங்கே இருந்தவர் சம்பளத்துக்கு வந்த ஏஜெண்டு. அவருக்குக் கீழே மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன், சமையல்காரர். மூன்று வருஷக் கணக்குக்கு வருவார்கள். குடும்பத்தைக் கூட்டிவர மாட்டார்கள். பகலில் கணக்கு எழுதிய அதே கிட்டங்கியில்தான் (கடைக்கட்டடத்தில்) இரவில் பாய் விரிப்பார்கள். என் அப்பாவின் பெரியப்பா பெட்டியடியிலிருந்து அடுத்தாளாக உயர்ந்தவர். எங்கள் வீட்டில் பெரிய பணம் ஏதும் வந்து சேரவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த வட்டிப் பணத்துக்கும் நீங்கள் கேட்கிற மூட்டைக்கூலிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. செட்டியார் பணம் டெல்டா விவசாயிக்குப் போகும். அவன் நெல் விளைவிப்பான். நெல் படகில் ரங்கூன் ஆலைக்கு வரும். ஆலை அரிசியைத் துறைமுகத்துக்கு அனுப்பும். 1920களின் கடைசியில் பர்மா ஆண்டுக்கு ஏறக்குறைய 30 லட்சம் டன் அரிசி ஏற்றுமதி செய்தது. அதில் பெரும் பகுதி இந்த ஒரு துறைமுகத்தின் வழியாகப் போனது. உலகத்தில் வேறு எந்த நாடும் அவ்வளவு அரிசி அனுப்பவில்லை.

#3 · சிரியம் தம்பி

மூட்டை தூக்கின பக்கம் எங்களுடையது. எங்கள் முப்பாட்டனார் கப்பல் வேலைக்கு வந்தவர், இராமநாதபுரம் பக்கம். துறைமுகத்தில் தெலுங்குக்காரர்களே அதிகம், அதை முதலில் சொல்லிவிட வேண்டும். ரங்கூன் முழுக்கவே தமிழரைவிடத் தெலுங்கர் அதிகம். காக்கிநாடா, விசாகப்பட்டினம் பக்கமிருந்து வந்தவர்கள். நம் ஆட்கள் ஆலைகளிலும் டெல்டா வயல்களிலும் நிறைய இருந்தார்கள்.

ஆள் எடுக்கும் முறையைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும். கப்பல் கம்பெனிக்குக் கூலிக்காரன் யாரென்றே தெரியாது. கம்பெனி சரக்கு இறக்கும் வேலையை ஸ்டீவ்டோர் ஒப்பந்தக்காரரிடம் கொடுக்கும். அவர் மேஸ்திரியிடம் கொடுப்பார். மேஸ்திரிக்குக் கீழே தண்டல், அதாவது கூலிக் குழுவின் தலைவன். தண்டலுக்குக் கீழேதான் கூலி. கொடுக்கிற காசு அந்தப் படிகளில் இறங்கி வரும்போது ஒவ்வொருவரும் கொஞ்சம் எடுத்துக்கொள்வார்கள். கப்பல் கட்டணத்தையும் ஊரில் வீட்டுக்குக் கொடுத்த முன்பணத்தையும் மேஸ்திரிதான் போட்டிருப்பார். அது கழியும்வரை இவன் அவருடைய ஆள். கழிவதற்குள் சாப்பாட்டுக் கடன், தங்கும் இடத்துக்குக் கடன் என்று இன்னொன்று சேர்ந்துவிடும்.

வேலை தினக்கூலி. கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் பட்டினி. விடிவதற்கு முன் ஸ்ட்ராண்ட் ரோட்டில் போய் நிற்க வேண்டும். மேஸ்திரி கை காட்டினவன் உள்ளே போவான். மற்றவன் திரும்பி வருவான், அன்றைக்குக் கூலி கிடையாது.

வருஷத்துக்கு ஒரு சுழற்சி இருந்தது. ஐப்பசி வாக்கில் கப்பலேறி வருவார்கள். மார்கழி, தையில் டெல்டாவில் அறுவடை. அப்புறம் வைகாசி வரை ஆலைகளில் நெருக்கமான வேலை. மழை பிடிப்பதற்குள் ஒரு கூட்டம் ஊருக்குத் திரும்பும். இப்படிப் போக வர இருந்ததால்தான் 1920களின் பிற்பகுதியில் ஆண்டுக்கு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தத் துறைமுகத்தில் இறங்கினார்கள். இறங்கினவர்கள் எல்லோரும் இங்கேயே தங்கிவிட்டதாக நினைத்து எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், அது சரியில்லை.

#4 · தட்டோன் ஆசிரியை

தம்பி சொன்னதோடு ஒரு சட்ட விஷயத்தையும் சேர்க்க வேண்டும். மலாயாவுக்கும் இலங்கைக்கும் போன தமிழ்க் கூலிகளுக்கு 1922 குடிபெயர்வுச் சட்டம் என்று ஒன்று இருந்தது. இந்திய அரசின் பிரதிநிதி அங்கே உட்கார்ந்திருந்தார். குறை இருந்தால் மனு கொடுக்கலாம். எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொல்லவில்லை, ஆனால் கேட்பதற்கென்று ஒரு ஆள் இருந்தார். பர்மாவுக்கு வந்தவர்களுக்கு அதுவும் இல்லை. காரணம், 1937 ஏப்ரல் 1 வரை பர்மா இந்தியாவின் ஒரு மாகாணம். மதராஸிலிருந்து ரங்கூனுக்கு வருவது சட்டத்தின் கண்ணில் மதராஸிலிருந்து பம்பாய்க்குப் போவது மாதிரி. பல நாள் கடல் பயணம், வேறு மொழி, வேறு நாடு. ஆனாலும் காகிதத்தில் உள்நாட்டுப் பயணம்தான். பாதுகாப்பு எதுவும் இல்லாமல் இத்தனை லட்சம் பேர் போய் வந்ததற்கு இது ஒரு பெரிய காரணம்.

மேல்தளத்து டெக் டிக்கெட்டில்தான் வருவார்கள். பி.ஐ. என்ற பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பல்கள். இறங்கும்போது அம்மை குத்துவது கட்டாயம்.

#5 · டாலா கரை

படுத்த இடத்தைப் பற்றி நான் எழுதுகிறேன். கட்டட வேலையில் இருப்பதால் அந்தப் பழைய வீடுகளுக்குள் நிறையப் போயிருக்கிறேன்.

ரங்கூன் நகரின் நடுப்பகுதியை வெள்ளைக்காரன் 1852-க்குப் பிறகு கட்டம் கட்டமாகப் போட்டான். 36,000 பேர் வசிக்கலாம் என்ற கணக்கில் போட்ட திட்டம் அது. எண்பது வருஷத்தில் நகரம் பல மடங்கு பெருத்துவிட்டது. சுற்றுப்புறமும் வளர்ந்தது உண்மை, ஆனால் நெருக்கடி முழுவதும் நடுவில்தான். மனை குறுகல், நீளம் அதிகம். முன்பக்கம் தெரு, பின்பக்கம் சந்து. நடுவில் உள்ள அறைக்குச் சன்னல் கிடையாது. இன்றைக்கும் போய்ப் பாருங்கள், பகலில் விளக்குப் போட வேண்டும்.

அந்த அறைகளில் கூலிக்காரர்கள் வரிசையாகப் படுத்தார்கள். ஒரு ஆளுக்கு இத்தனை சதுர அடி என்று நகராட்சி விதி இருந்தது. சோதனைக்கு வந்தால் ஆட்களை வெளியே அனுப்பிவிடுவார்கள், போனதும் திரும்ப வந்துவிடுவார்கள். ஒரே அறையில் நாற்பது ஐம்பது பேர் என்பது சாதாரணம். பகல் ஷிப்ட் எழுந்த இடத்தில் இரவு ஷிப்ட் படுக்கும். 1931-இல் வெளிவந்த தொழிலாளர் ராயல் கமிஷன் அறிக்கை ரங்கூனின் இந்த நெரிசலைத் தனியாகக் குறிப்பிட்டுக் கண்டித்தது. மழைக்காலம் தவிர்த்து நிறையப் பேர் நடைபாதையில்தான் தூங்கினார்கள். உள்ளே படுப்பதைவிட அது மேல்.

கழிவுநீருக்கு 1880களின் கடைசியிலேயே காற்றழுத்தத்தில் ஓடும் ஷோன் குழாய் முறை ரங்கூனுக்கு வந்துவிட்டது. ஆசியாவிலேயே முன்னோடிகளில் ஒன்று என்று பொறியாளர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அது நடுநகருக்கு மட்டும்தான். பசுண்டாங், கிமெண்டைன் போன்ற வெளிப்பகுதிகளில் மலத்தை வாளியில்தான் எடுத்தார்கள். வாளியை எடுத்தவர்களும் நம் இந்தியக் கரையிலிருந்து வந்தவர்கள். இவர்களைப் பற்றி எந்தக் குடும்பக் கதையிலும் ஒரு வரி கிடையாது. பசுண்டாங் ஐயா, உங்கள் வகுப்பில் அவர்களைக் கட்டாயம் சொல்லுங்கள்.

1920-இல் ரங்கூன் வளர்ச்சி அறக்கட்டளைச் சட்டம் வந்தது. சதுப்பு நிலத்தை மேடாக்கினார்கள், சாலை போட்டார்கள், வெளியே மனை பிரித்தார்கள். கூலிக்காரனுக்கு அதனால் பயன் குறைவு. விடியுமுன் மேஸ்திரி கண்ணில் பட வேண்டியவன் நகருக்கு வெளியே கமாயுட்டில் போய்க் குடியிருக்க முடியாது. துறைமுகத்துக்கு நடந்து போகிற தூரத்தில்தான் படுத்தாக வேண்டும். ஆள் எடுக்கிற முறையை மாற்றாமல் வீட்டை மட்டும் மாற்றப் பார்த்தால் இப்படித்தான் ஆகும்.

#6 · பசுண்டாங் வாசி

டாலா அண்ணே, வாளி எடுத்தவர்களைப் பற்றி நீங்கள் சொன்னது மனதைத் தைத்தது. கட்டாயம் சேர்க்கிறேன்.

நோய்நொடி பற்றி யாராவது?

#7 · தட்டோன் ஆசிரியை

பிளேக் 1905-இல் ரங்கூனுக்குள் வந்தது. அதற்குப் பிறகு போகவே இல்லை, ஆண்டுதோறும் தலைகாட்டியது. நெல்லும் அரிசியும் குவிந்து கிடக்கும் ஊரில் எலிக்கு என்ன குறை? காலரா, அம்மை, சயரோகம் எல்லாம் நெரிசலோடு சேர்ந்து வருபவை. பெரிய அரசு மருத்துவமனை இருந்தது, ஆனால் கூலிக்காரர்கள் அதிகம் நம்பிப் போனது கிழக்கு ரங்கூனில் ராமகிருஷ்ண மிஷன் நடத்திய சேவாசிரம மருத்துவமனைக்கு. 1921-இல் தொடங்கினார்கள். குடும்பம் இல்லாத ஆள் நோயில் விழுந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்க யாருமில்லை. அந்த இடத்தில் அவர்கள் செய்த சேவையை எங்கள் பாட்டி கையெடுத்துக் கும்பிட்டுத்தான் பேசுவார்.

#8 · மௌல்மீன்காரன்

ரங்கூன் மட்டும்தான் பர்மாவா? மௌல்மீனும் துறைமுகம்தான், 1827 முதல் 1852 வரை பிரிட்டிஷ் பர்மாவின் தலைநகரம் வேறு. சல்வீன் ஆற்றில் தேக்கு மிதந்து வரும், இங்கே அறுத்துக் கப்பலேற்றுவார்கள். போர்களுக்கு இடையில் அது தேய்ந்துபோன ஊர். இந்தப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் நம் ஆட்கள் இருந்தார்கள். விலை விழுந்ததும் தோட்டங்கள் பால் எடுப்பதை நிறுத்தின, ஆட்கள் வேறு வேலை தேடி அலைந்தார்கள். 1934-இல் ரப்பர் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தில் பர்மாவும் சேர்ந்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு வந்தது.

#9 · பேரேடு

விலை விழுந்ததைப் பற்றி மௌல்மீன் தம்பி தொட்டுவிட்டார். இந்தக் காலத்தின் அச்சாணி அதுதான், விரிவாகச் சொல்கிறேன்.

100 கூடை நெல், கூடைக்கு 46 ராத்தல் (பவுண்டு). 1920களின் நடுவில் இதற்கு ரங்கூனில் 180 ரூபாய்க்குப் பக்கத்தில் கிடைத்தது. 1931 தொடக்கத்தில் 75 ரூபாய்க்குப் பக்கத்தில். விவசாயி 180-ஐ மனதில் வைத்துக் கடன் வாங்கியிருக்கிறான். அறுவடைக் கூலியும் வரியும் கொடுத்த பிறகு வட்டிக்கே காணாது. முதலை எங்கே கட்டுவது?

செட்டியார் தொழில் நிலம் வாங்குவதல்ல. கடனைத் திருப்பி வாங்குவதுதான். நிலத்தைத் தூக்கிக்கொண்டு காரைக்குடிக்குப் போக முடியாது. ஆனால் கடன் வராதபோது அடமானம் நிலம்தான். 1930-இல் கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார் கையில் இருந்தது சாகுபடி நிலத்தில் 6 சதம், சுமார் 5,70,000 ஏக்கர். 1938-இல் அது 25 சதம், 24 லட்சம் ஏக்கருக்கு மேல். எட்டே வருஷத்தில் நான்கில் ஒரு பங்கு நிலம் கடல் கடந்த ஒரு சமூகத்தின் பெயருக்கு வந்துவிட்டது.

எங்கள் மூத்தவர்கள் இதைச் சொல்லும்போது, நாங்கள் நிலத்தைக் கேட்கவில்லை, அது எங்கள் தலையில் விழுந்தது என்பார்கள். உண்மைதான். சிறு பர்மிய, சீன வட்டிக்காரர்களைவிடச் செட்டியார் வட்டி குறைவு என்று அந்த விசாரணைக் குழுவே எழுதியிருக்கிறது, அதுவும் உண்மை. ஆனாலும் தன் அப்பன் காடு திருத்திய நிலத்தில் குத்தகைக்காரனாக நிற்கிற பர்மிய விவசாயிக்கு இந்த இரண்டு உண்மையாலும் என்ன ஆறுதல்?

இதோடு ஆலை முதலாளிகளையும் சேர்த்துப் பாருங்கள். 1921-இல் நான்கு பெரிய ஐரோப்பிய ஆலை நிறுவனங்கள் ஒரு கூட்டு அமைத்துக்கொண்டு நெல் வாங்கும் விலையைச் சேர்ந்து தீர்மானித்தன. விற்கிறவன் சிதறிக் கிடக்கிறான், வாங்குகிறவன் ஒன்றாக நிற்கிறான். விவசாயி அவர்களைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அவன் பார்த்தது செட்டியாரை. கோபம் அங்கே போனது.

#10 · ஒரு புதிய வாசகர்

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், ஒரு சந்தேகம். நெல் விலை விழுந்தால் அரிசி மலிவு. கூலிக்காரன் சம்பளத்தில் பெரும் பகுதி சாப்பாட்டுக்குத்தான் போகும் என்றால், அவனுக்கு இந்த உலகப் பொருளாதார மந்தம் நல்லதுதானே?

#11 · சிரியம் தம்பி

நியாயமான கேள்வி. 1928-இல் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகம் ரங்கூன் உழைப்பாளிகளின் வாழ்க்கைச் செலவைப் பற்றி விசாரித்து ஓர் அறிக்கை போட்டது. பர்மியர், தமிழர், தெலுங்கர், இந்துஸ்தானிகள், சிட்டகாங்காரர்கள் என்று பிரித்துப் பிரித்துக் கேட்டார்கள். உணவுதான் முதல் செலவு என்பது அதிலும் தெரிகிறது. அதனால் தினமும் வேலை கிடைத்தவனுக்கு நீங்கள் சொல்வது ஓரளவு பொருந்தும்.

வேலை நாள் குறைந்துவிட்டதே, அங்கேதான் அடி. ஆலையில் ஆட்குறைப்பு, கப்பலில் போட்டி, மேஸ்திரி கூலியைக் குறைத்தால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. 1930-லும் 31-லும் இந்தியாவிலிருந்து வந்து இறங்கினவர்களைவிடத் திரும்பிப் போனவர்கள் அதிகம். அரிசி மலிவு என்பதற்காக அவர்கள் யாரும் தங்கிவிடவில்லை.

இன்னொரு கொடுமை உண்டு. இவன் வந்ததே ஊருக்குப் பணம் அனுப்பத்தான். தஞ்சாவூர், இராமநாதபுரம் சிறு விவசாயக் குடும்பங்கள் நெல்லை விற்றுத்தான் வரி கட்டும். மதராஸ் சந்தையில் மலிவு ரங்கூன் அரிசி வந்து குவிந்ததும் அங்கேயும் நெல் விலை படுத்துவிட்டது. இங்கே மகன் தன் தோளில் ஏற்றிய மூட்டை அங்கே அப்பன் நெல்லின் விலையைக் குறைத்தது. மகனோ, அப்பனோ இதை அறிந்து செய்ததில்லை. விலையைத் தீர்மானித்தவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள்.

#12 · மௌல்மீன்காரன்

சரி, எல்லாம் பேசிவிட்டோம். 1930-ஐ ஏன் யாரும் தொடவில்லை? பர்மாக்காரன் நம்மவர்களைத் தெருவில் வெட்டிப் போட்டான். விலை, வட்டி என்று சொல்லி அதை மழுப்பக் கூடாது.

#13 · சிரியம் தம்பி

மழுப்பவில்லை அண்ணே. நடந்ததை நாள் வரிசையில் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

1930 மே 5 இரவு பெகுவை அடித்த பூகம்பம் ரங்கூனையும் உலுக்கியது. பெகுவில் நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள், இங்கே பல பேர். அதே நாள் இந்தியாவில் காந்தி கைது. அந்த வாரத்தில் தெலுங்குக் கப்பல் கூலிகள் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்தினார்கள். ஸ்டீவ்டோர்கள் என்ன செய்தார்கள்? பர்மியர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அதுவரை அந்த வேலையில் பர்மியர்களைக் கிட்டச் சேர்த்ததில்லை. மந்தத்தில் வேலை இல்லாமல் கிராமத்திலிருந்து வந்தவர்கள் அவர்கள், கிடைத்ததைப் பிடித்துக்கொண்டார்கள். சில வாரத்தில் ஸ்டீவ்டோர்கள் கூலியைக் கொஞ்சம் உயர்த்திப் பழைய ஆட்களோடு சமாதானம் செய்துகொண்டார்கள். புதிய ஆட்களுக்கு அதை முறையாகச் சொல்லக்கூட இல்லை.

மே 26 காலையில் பர்மியர்கள் வழக்கம்போல வேலைக்கு வந்து நின்றார்கள். வேலை இல்லை, போ என்றார்கள். திரும்பி வந்த தெலுங்குக்காரர்கள் கேலி பேசினார்கள். கைகலப்பு ஆனது, கத்தி எடுத்தார்கள். அடுத்த சில நாள் ஊர் முழுக்கப் பரவியது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், நூற்றுக்கணக்கானவர்கள் காயப்பட்டார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் நம் இந்தியக் கூலிகள், எதற்கும் சம்பந்தமில்லாத லாஞ்சாக்காரர்கள் உள்பட.

கத்தி எடுத்தவன் குற்றவாளி. அதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. ஆனால் இரண்டு பசித்த கூட்டத்தை ஒரே வேலைக்கு வரச்சொல்லி, ஒருவனைக் காட்டி மற்றவன் கூலியைக் குறைத்து, கடைசியில் ஒருவனை வெறுங்கையோடு அனுப்பினவர்கள் மேல் ஒரு கீறல்கூட விழவில்லை. நான் பேசுவது அவர்களைப் பற்றி. கலவரத்துக்குப் பின் கப்பல் வேலையில் பர்மியக் குழுக்களுக்கும் ஒரு பங்கு ஒதுக்கினார்கள். முன்பே ஒதுக்கியிருக்க முடியாதா?

#14 · மௌல்மீன்காரன்

உன் வாதம் புரிகிறது தம்பி. இருந்தாலும் 1938 ஜூலையில் மறுபடி நடந்ததே. அப்போது ஸ்டீவ்டோர் எங்கே? ஒரு புத்தகத்தைச் சாக்காக வைத்து முஸ்லிம்கள் மேல் தொடங்கியது, இந்து முஸ்லிம் பேதமில்லாமல் இந்தியன் எல்லோரையும் தொட்டது. எங்கள் ஊர் வரை பயம் பரவியது.

#15 · தட்டோன் ஆசிரியை

மௌல்மீன் தம்பி, நீங்கள் சொல்வதும் நடந்ததுதான். 1930 மே கலவரம் முடிந்த கையோடு தொபாமா இயக்கம் பிறந்தது, நாங்கள் பர்மியர் என்று சொல்லிக்கொண்டு. அந்த டிசம்பரில் தாராவடியில் சாயா சான் கிளர்ச்சி, வரி கட்ட முடியாத விவசாயிகள். 1931 ஜனவரியில் ரங்கூனில் சீனர்கள் மேலும் கலவரம். ஆக இந்தியர் மேல் மட்டும் இருந்த வெறுப்பு என்று சொல்ல முடியாது. அடிவாங்கிய ஒரு நாடு கைக்கு எட்டினவனை அடித்தது. 1938-இல் பத்திரிகைகள் தூண்டிவிட்டதும் உண்மை.

1938-இல் இன்னொரு விஷயம் கலந்திருந்தது, அதை நம் ஆண்கள் பேச மாட்டார்கள். வந்த இந்தியரில் ஆண்கள் மிக அதிகம், பெண்கள் மிகக் குறைவு. அதனால் பர்மியப் பெண்களோடு குடும்பம் நடத்தினவர்கள் நிறைய. ஒழுங்காக வாழ்ந்தவர்கள் உண்டு, என் தாய்வழிப் பாட்டியே பர்மியப் பெண்மணிதான். ஊரில் மனைவி இருப்பதை மறைத்து இங்கே ஒரு குடும்பம் வைத்து, மழைக்கு முன் கப்பலேறிப் போய்த் திரும்பாதவர்களும் உண்டு. அந்தப் பெண்ணுக்குச் சொத்துரிமை கிடையாது, திருமணம் செல்லுமா என்பதே கேள்வி. 1939-இல் பௌத்தப் பெண்களின் திருமணம், வாரிசுரிமை பற்றித் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதை நமக்கு எதிரான சட்டம் என்று நம் தலைவர்கள் எதிர்த்தார்கள். கைவிடப்பட்ட பெண்ணின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது மிகத் தாமதமாக வந்த சட்டம்.

#16 · பேரேடு

ஆசிரியரம்மா எழுதியதை நான் முழு மனதோடு ஏற்கிறேன்.

சட்டங்களைப் பற்றி ஒன்று. 1937-இல் பர்மா பிரிந்த பிறகுதான் குத்தகைச் சட்டம், நில மாற்றச் சட்டம், நிலம் வாங்கும் சட்டம் என்று வரிசையாக வந்தன, 1939-க்கும் 1941-க்கும் இடையில். இந்தியக் குடியேற்றத்தைப் பற்றி பாக்ஸ்டர் என்ற நிதி ஆலோசகரை விசாரிக்கச் சொன்னார்கள். இந்தியக் கூலி பர்மியனின் வேலையைப் பெரிய அளவில் பறிக்கவில்லை என்றுதான் அவர் எழுதினார். ஆனாலும் அனுமதிச் சீட்டு முறை வேண்டும் என்றார். 1941-இல் இரு அரசுகளும் அதன்படி ஓர் ஒப்பந்தம் போட்டன. நம் வீடுகளில் அதை அவமானமாகப் பேசுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் இருந்த நாட்டில், எத்தனை பேர் வர வேண்டும் என்று முடிவு செய்ய அந்த நாட்டுக்காரனுக்கு உரிமை உண்டு. இருபது வருஷம் முன்பே அப்படி ஒரு முறை இருந்து, வந்தவனுக்குக் கூலிப் பாதுகாப்பும் இருந்திருந்தால் மேஸ்திரி அவ்வளவு ஆட்களைக் கொண்டுவந்து குவித்திருக்க முடியாது. அவ்வளவு பேர் குவிந்து கிடந்ததால்தான் கூலி அவ்வளவு மலிவாக இருந்தது.

#17 · மௌல்மீன்காரன்

செட்டியார் வீட்டுப் பிள்ளை இதைச் சொல்வது எனக்கு ஆச்சரியம்தான். உங்கள் கடைசி வரியோடு எனக்கு உடன்பாடு உண்டு. மற்றதில் இன்னும் இல்லை, நேரில் பேசுவோம்.

#18 · பசுண்டாங் வாசி

எல்லோருக்கும் நன்றி. நான் கேட்டதைவிட நிறையக் கிடைத்தது. வகுப்பில் இதை உட்காரவைத்துச் சொல்வதைவிடப் பிள்ளைகளை நடத்திக் கூட்டிப்போய்ச் சொல்லலாம் என்று இப்போது தோன்றுகிறது. ஸ்ட்ராண்ட் ரோட்டில் சூலே துறைகளுக்கு எதிரில் தொடங்கி, அங்கே ஆள் எடுத்த முறையும் 1930-ம். பிறகு நடுநகரத் தெரு ஒன்றில் பழைய குடியிருப்பின் பின்சந்து, டாலா அண்ணன் சொன்ன வாளி வேலைக்காரர்கள். பிறகு மொகல் தெரு, நெல் விலையும் வட்டியும். கடைசியில் அனவ்ரதா சாலையில் காளி கோயில். எதையாவது விட்டுவிட்டேனா?

#19 · டாலா கரை

பின்சந்து என்றால் 26-ஆம் தெருப் பக்கம் போகாதீர்கள், இப்போது வேலை நடக்கிறது. நான் வந்து வேறு சந்து காட்டுகிறேன். சன்னல் இல்லாத நடு அறை ஒன்றையும் பார்க்க ஏற்பாடு செய்கிறேன், அந்த வீட்டுக்காரரைத் தெரியும். துறைமுக வாசலுக்குள் விட மாட்டார்கள், சாலையிலிருந்தே காட்ட வேண்டியதுதான்.

#20 · தட்டோன் ஆசிரியை

கிழக்கு ரங்கூன் மருத்துவமனை இருந்த இடத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நானும் வருகிறேன். எங்கள் பள்ளியில் வரலாறு எடுக்கும் பர்மிய ஆசிரியர் ஒருவர் கேட்டால் சந்தோஷமாக வருவார். டெல்டா விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, நிலம் போன கதை அவர் வீட்டிலேயே உண்டு. மொகல் தெருவில் பேரேடு ஐயாவும் அவரும் சேர்ந்து பேசினால் பிள்ளைகளுக்கு நல்லது. ஐயாவுக்குச் சம்மதமா?

#21 · பேரேடு

சம்மதம் அம்மா. தேதியைச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் 1932 வரவு செலவுப் புத்தகம் ஒன்று இருக்கிறது, அதையும் எடுத்து வருகிறேன். அவர் ஊர்ப் பெயர் அதில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.